லைன் வீட்டை இடிக்கலாமா?

(தங்கவயல் குடியிருப்போர் கூட்டத்தில் நம் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



தாங்கள் இருக்கும் லைன் வீட்டை இடித்துவிட்டு, அதே இடத்தில் கான்கிரீட் வீடு கட்டிக்கொள்ள வேண்டும் என்று நம்மில் ஒரு குடும்பம் கேட்டிருக்கிறது. மகன் விடியற்காலை ரயிலைப் பிடித்துப் பெங்களூர் போய் உழைத்துச் சேர்த்த பணம். அந்த ஆசையைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. மழை பெய்தால் குண்டான் வைத்துப் பிடிக்கிற வீட்டில், மூன்று தலைமுறை ஒரே அறையில் படுத்துக் கிடப்பதில் பெருமை ஒன்றுமில்லை.

வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்த நம் பாட்டன்மாருக்கு இந்தச் சுவர்கூடக் கிடைக்கவில்லை. மூங்கில் தட்டி, மண் தரை. பெருச்சாளி வளை பறித்த அந்தக் குடிசைகளுக்குப் பெருச்சாளி வீடு என்றே பெயர். 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே கால் வைத்தது. 1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து சுரங்கத்துக்கு மின்சாரம் வந்தது. துரைமாருக்குப் பங்களா, கிளப், கோல்ப் மைதானம் எல்லாம் வந்து 'குட்டி இங்கிலாந்து' என்று பேரும் வந்தது. தங்கவயலின் பழைமையைக் காக்க வேண்டும் என்று இன்று பேசுகிறவர்களும் அந்தப் பங்களாக்களின் படத்தைத்தான் போடுகிறார்கள். நம் லைன்கள் அவர்கள் கண்ணுக்குப் பழைமை ஆகவில்லை, பழசு மட்டும்தான் ஆகியிருக்கின்றன.

இங்கே மேலாள்களாக வந்தவர்களில் பலர் இங்கிலாந்தின் கார்ன்வால் சுரங்கக்காரர்கள். அவர்கள் ஊர்ச் சுரங்கப் பகுதியை 2006-ல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தபோது, எந்திரக் கட்டிடங்களோடு தொழிலாளர் குடியிருப்புகளையும் சேர்த்துத்தான் அறிவித்தது. அந்த மரியாதை நமக்கும் உரியதே.

ஆனால் சரித்திரத்துக்காக ஒழுகும் வீட்டில் கிடங்கள் என்று சொல்ல நாம் வரவில்லை. நம் கவலை வேறு.

2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது. தரைக்கு அடியில் மூன்று கிலோமீட்டருக்கு மேல் போய்வந்தவர்களின் பிள்ளைகளுக்குத் தரைக்கு மேலே எத்தனை அடி சொந்தம்? 2024 ஜூனில், 13 சைனைட் மண்மேடுகளில் மிச்சத் தங்கம் எடுக்க மாநில அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 1,003 ஏக்கர் என்று கணக்கு இருக்கிறது. கழிவு மண்ணுக்கு இருக்கிற கணக்கு, கையில் பட்டா இல்லாத நம் குடும்பங்களுக்கு இல்லை.

பட்டா இல்லாதவனுக்கு வீடுதான் சாட்சி. லைன் எண், கதவு எண், பொதுச் சுவர் எல்லாம் கம்பெனியின் பழைய ஏட்டோடு பொருந்துகிற வரையில், 'இவர்கள் இங்கே வைக்கப்பட்டவர்கள்' என்று அந்தச் சுவரே பேசும். அதை இடித்துப் புதிதாக எழுப்பினால், நாளை அளக்க வருகிறவர் 'ஆக்கிரமிப்பு' என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டுப் போகலாம். பக்கத்து வீட்டுச் சுவரும் அதே சுவர் என்பதை மறக்க வேண்டாம். ஒருவர் கடப்பாரை போட்டால் இரண்டு குடும்பம் வெளியே நிற்கும்.

ஆகவே சங்கம் முன்வைப்பது இது. கூரையை மாற்றுங்கள். தரை போடுங்கள். பின்புறம் கழிப்பறை கட்டுங்கள், அக்கம்பக்கத்தார் யாரும் குறுக்கே நிற்கக் கூடாது. அஸ்திவாரத்தையும் பொதுச் சுவரையும் மட்டும் பட்டா கைக்கு வரும்வரை தொட வேண்டாம். வந்த பிறகு அவரவர் விருப்பம். ஒரே ஒரு லைனைப் பிள்ளைகள் பார்ப்பதற்காக அப்படியே விடலாமே என்பது எங்கள் ஆசை, கட்டாயமில்லை.

கேட்ட குடும்பத்துக்கு இது கசக்கும். இன்னும் எத்தனை வருஷம் என்று அந்த அம்மா கேட்டார்கள். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை.

கைரேகைப் பதிவை எதிர்த்து 1930-ல் சுரங்கத்தையே நிறுத்தியவர்கள் இந்த லைன்களில் இருந்தவர்கள். அவர்கள் பேரப்பிள்ளைகள் இன்று ஒரு காகிதத்துக்காக நிற்கிறோம். வரும் ஞாயிறு காலை முதல் சங்கத்துப் பிள்ளைகள் டேப்போடு வீடு வீடாக வருவார்கள். நீளம், அகலம், கதவு எண் எல்லாம் குறிப்பார்கள், போட்டோவும் எடுப்பார்கள். குவார்ட்டர்ஸ் ஒதுக்கிய சீட்டு, பழைய ரேஷன் கார்டு, கரண்ட் பில் எது இருந்தாலும் டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்து வையுங்கள். கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.