நேட்டால் கரையோரத்துக்கு ஓர் ஆற்றுப்படை



பத்துப்பாட்டு நூல்களிற் சரிபாதி ஆற்றுப்படை நூல்கள். திருமுருகாற்றுப்படை, பொருநராற்றுப்படை, சிறுபாணாற்றுப்படை, பெரும்பாணாற்றுப்படை, கூத்தராற்றுப்படை எனவும் வழங்கும் மலைபடுகடாம் ஆகிய ஐந்தும் அவை. பரிசில் பெற்று மீள்பவன், வறுமையோடு எதிர்வருபவனுக்கு வழி கூறுவதே பெரும்பாலும் இவற்றின் அமைப்பு. பரீட்சைக்குப் படிக்கும் மாணவர் இந்த இலக்கணத்தை மனனம் செய்துகொண்டு அப்பாற் சென்றுவிடுவர். ஆனால், நெடுந்தூர வீதிப் பயணம் ஒன்றுக்குத் திட்டமிட உட்காருபவருக்கு இந்நூல்கள் எத்துணை பயன்படக்கூடியவை என்பதை அண்மையில் உணர்ந்தேன். அதுபற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

பல்கலைக்கழகத்தில் என்னோடு படித்த நண்பர் ஒருவர் தென்னாபிரிக்காவின் டேர்பன் நகரிற் கணக்காளராகப் பணியாற்றுகிறார். அங்கேயே மணமுடித்துக் குடும்பமாக வாழ்கிறார். டிசம்பர் விடுமுறைக்கு வருமாறு அழைத்து, மோட்டார் வண்டியில் ஐந்து நாள் சுற்றிவரத் திட்டமொன்றையும் எழுதி அனுப்பியிருந்தார். பங்குனி சித்திரையைக் கோடை என்று பழகிய நமக்கு மார்கழியிற் கோடை என்பது விந்தையாகத் தோன்றும். டேர்பன் பூமத்திய ரேகைக்குத் தெற்கே ஏறத்தாழ முப்பதாவது பாகையில் இருப்பதால் பருவங்கள் அங்கு தலைகீழ். வடக்கிலிருந்து வரும் வெந்நீரோட்டம் கரையைத் தழுவிச் செல்வதால் காற்றில் எப்போதும் ஈரமும் வெம்மையும் உண்டு. மாவும் வாழையும் கரும்பும் அங்கே செழிக்கின்றன. நம் நாட்டைப் போலவே வண்டிகள் வீதியின் இடப்பக்கமாகவே செல்கின்றன.

நண்பரின் திட்டம் கடற்கரைகளால் நிறைந்தது. வடக்கே உம்ஷ்லாங்கா, பலிட்டோ, நீர்யானைகளும் முதலைகளும் வாழும் சென் லூசியா. தெற்கே மார்கேட். எங்கே தங்குவது, எங்கே பெற்றோல் நிரப்புவது, எந்த அதிவேகப் பாதையில் எவ்வளவு சுங்கக் கட்டணம் என எல்லாம் துல்லியமாகக் குறிக்கப்பட்டிருந்தன. கணக்காளரல்லவா! ஆனால் அதனை வாசித்து முடித்ததும், வழி இருக்கிறது, வழியில் மனிதரைக் காணோமே என்று எனக்குப் பட்டது.

ஆற்றுப்படைப் புலவர்கள் வழி சொல்லும்போது மனிதரைச் சொல்லியே வழி சொன்னார்கள். ஓய்மாநாட்டு நல்லியக்கோடனிடம் போகும் சிறுபாணனுக்கு எயிற்பட்டினம், வேலூர், ஆமூர் என்று வழியூர்கள் சுட்டப்படுகின்றன. எயிற்பட்டினத்து நுளையர் சுட்ட மீன் தருவர். வேலூரிற் புளி சேர்ந்த சோறு கிடைக்கும். ஆமூர் உழவர் மனையில் வெண்சோற்றோடு நண்டுக் கறி உண்டு. நெய்தல், முல்லை, மருதம் என நிலம் மாற உணவு மாறுகிறது. உணவு மாற, படைக்கும் கையும் மாறுகிறது. இந்த வழியில் நம்மை வரவேற்பவர் யார்? இதுவே ஆற்றுப்படை எழுப்பும் முதற் கேள்வி.

இக்கேள்வியை நேட்டால் கரையோரத்திடம் கேட்டுப் பார்த்தேன். 1860 நவம்பர் 16ஆந் திகதி, சென்னையிலிருந்து புறப்பட்ட 'டுரூரோ' என்னும் கப்பல் டேர்பன் துறையை அடைந்தது. அதில் வந்தோர் 340க்கும் மேற்பட்டோர். 1911ஆம் ஆண்டு வரை இவ்வாறு ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குக் கொண்டுவரப்பட்டோர் தொகை 1,52,000ஐத் தாண்டியது. அவர்களிற் பெரும்பான்மையோர் சென்னைத் துறைமுகத்தால் ஏற்றப்பட்ட தமிழரும் தெலுங்கருமே. வெள்ளைத் தோட்டக்காரருக்குக் கரும்பு வெட்ட ஆள் வேண்டியிருந்தது. சொந்த நிலமும் மந்தையும் வைத்திருந்த சூலு மக்கள் அற்பக் கூலிக்கு அங்கே போக விரும்பவில்லை. ஐந்தாண்டு ஒப்பந்தம்; தொடக்கத்தில் மாதம் பத்து ஷிலிங் சம்பளம். ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாதோர் மீது 1895ஆம் ஆண்டுச் சட்டம் மூன்று பவுண் ஆண்டு வரி விதித்தது. அவ்வரியை எதிர்த்து 1913இல் நிலக்கரிச் சுரங்கங்களிற் பிடித்த வேலைநிறுத்தம் கரும்புத் தோட்டங்களுக்கும் பரவியது. மவுண்ட் எட்ஜ்கூம் தோட்டப் பகுதியிற் பொலிசார் சுட்டதில் தொழிலாளர் மாண்டனர். அடுத்த ஆண்டு வரி நீக்கப்பட்டது. பாரதியார் பாடிய கரும்புத் தோட்டம் பிஜித் தீவினது. நேட்டாலின் கரும்புத் தோட்டத்துக்கு அத்தகைய புகழ் வாய்த்த பாட்டு அமையவில்லை.

மவுண்ட் எட்ஜ்கூம் என்ற அவ்வூர், நண்பரின் திட்டத்திலிருந்த உம்ஷ்லாங்காவிலிருந்து சில நிமிட ஓட்டந்தான். அங்கே தொழிலாளர் எழுப்பிய பழைய கோயில்கள் இன்றும் உள்ளன. டேர்பனுக்குத் தெற்கே இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிற் பெருவிழா பெரிய வெள்ளியை ஒட்டி நடைபெறுகிறது. ஏனெனில், தோட்டத்து மனிதருக்குக் கிடைத்த விடுமுறை அதுதான். பஞ்சாங்கத்தை முதலாளியின் நாட்காட்டிக்குள் வைத்துத் தைத்து, அம்மனை அவர்கள் காப்பாற்றிக்கொண்டார்கள்.

ஆகவே நண்பருக்கு மாற்றுத் திட்டமொன்று எழுதினேன். 'என் 2' என்னும் அதிவேகப் பாதையை விட்டு, கரும்புக் காட்டினூடாக ஊர் ஊராகச் செல்லும் 'ஆர் 102' என்னும் பழைய வீதியிற் போவோம் என்றேன். அவருடைய பதில் சுருக்கமாக இருந்தது. "கரும்பையும் ஆலைப் புகையையும் பார்க்கவா இவ்வளவு தூரம் வாறாய்?"

ஆனால் அதே உறையில் அவருடைய மனைவியின் கடிதமும் இருந்தது. அவர் அந்த மண்ணிற் பிறந்த ஐந்தாந் தலைமுறைத் தமிழ்ப் பெண். தமிழ் பேச வராது, எழுதவும் வராது. அங்குள்ள நம்மவரிற் பெரும்பாலோர் நிலை அதுவே. கவுண்டர் 'கவெண்டர்' ஆகி, முதலியார் 'மூட்லி' ஆகிப் பெயர்கள் மட்டும் தங்கியுள்ளன. 1996ஆம் ஆண்டு அரசியலமைப்பு, மதித்துப் பேணப்பட வேண்டிய மொழிகளுள் ஒன்றாகத் தமிழையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஆயினும் வீட்டிலும் வீதியிலும் ஆட்சி செலுத்துவது ஆங்கிலமே. கடிதமும் ஆங்கிலத்திலேயே இருந்தது. 'அண்ணா' என்ற விளி ஒன்றுதான் தமிழ்.

தம் பாட்டனாரின் பாட்டனார் வந்த கப்பற் பட்டியலின் ஒரு பக்கத்தை அவர் பிரதி செய்து அனுப்பியிருந்தார். இலக்கம், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர் என வரிசையாகப் பதிவுகள். "இந்த ஊர் எது அண்ணா? எப்படி உச்சரிப்பது? வீட்டில் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறோம்" என்பது அவர் வினா.

ஆங்கில எழுத்தில் அந்த ஊரைப் பாலூர் என வாசிக்கலாம். பழூர் எனவும் வாசிக்கலாம். பள்ளூர் என்றாலும் தவறில்லை. நம்முடைய மூன்று லகர ழகர ளகரங்களும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்குள் ஒடுங்கிவிடுகின்றன. குறிலும் நெடிலும் தெரியா. மாணவரின் கொப்பியில் நாள்தோறும் நான் சிவப்பு மையாற் சுழிக்கும் ஒற்றெழுத்து, இங்கே ஒரு குடும்பத்தின் பிறந்த ஊரையே தீர்மானிப்பதாக நின்றது. மாவட்டம் என்ற கட்டத்திற் செங்கற்பட்டு என்றிருந்தபடியால், பாலாற்றை அண்டிய பாலூரே பெரிதும் பொருந்தும் என எழுதினேன். பெரும்பாணாற்றுப்படை வழிகாட்டும் காஞ்சி மாநகருக்கு அது அதிக தொலைவன்று. ஒரு காலத்திற் பாணர் பரிசில் நாடி நடந்த நாட்டிலிருந்து, பின்னொரு காலத்தில் ஒருவர் மாதம் பத்து ஷிலிங்குக்குக் கடல் கடந்தார் என்று எண்ணிக்கொண்டேன்.

இனி இரண்டாவது கேள்வி. வழியில் இடர் என்ன? மலைபடுகடாத்தை வாசித்தவர் அறிவர். பன்றிக்கு வைத்த பொறி, பாம்பு கிடக்கும் குழி, வழுக்கும் பாறை என ஒவ்வொன்றையும் அந்த வழிகாட்டி எச்சரித்துச் சொல்கிறான். நன்னனின் கொடையைப் பாட வந்தவன் நன்னன் மலையின் இடரை மறைக்கவில்லை.

நேட்டாலில் மழைக்காலம் கோடையிலேயே வரும். கோடை கழிந்த 2022 ஏப்ரிலிற் பெய்த பெருமழையில் டேர்பனிலும் சுற்றுப்புறங்களிலும் 400க்கும் மேற்பட்டோர் இறந்தனர். வீதிகளும் பாலங்களும் அடித்துச் செல்லப்பட்டன. சுறாக்கள் உலவும் கடல் அது. 1952 முதல் டேர்பன் கரையில் வலை கட்டிக் காக்கிறார்கள். காவலர் நிற்குமிடத்தில் மட்டுமே நீராட வேண்டும். இவை வெளிப்படையான இடர்கள்.

வரைபடத்தில் இல்லாத இடரும் உண்டு. 1949 ஜனவரியில் டேர்பனில் ஆபிரிக்கருக்கும் இந்தியருக்குமிடையே மூண்ட கலவரத்தில் 142 பேர் இறந்தனர். பின்னர் நிறவெறி அரசு மக்களை இனவாரியாகப் பிரித்துத் தனித்தனிக் குடியிருப்புகளில் இருத்தியது. இந்தியருக்கென அமைந்தவற்றுள் ஒன்று பீனிக்ஸ். காந்தியடிகள் 1904இல் நிறுவிய பீனிக்ஸ் ஆச்சிரமம் அதன் அயலில் இனாண்டாவில் இருக்கிறது. 1985ஆம் ஆண்டுக் கலவரத்தில் அது எரிக்கப்பட்டது. திருத்தப்பெற்று 2000ஆம் ஆண்டில் மீண்டும் திறக்கப்பட்டது. 2021 ஜூலைக் குழப்பத்தின்போது பீனிக்ஸ் குடியிருப்புப் பகுதியில் 36 பேர் கொல்லப்பட்டனர். இறந்தோரிற் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். குற்றஞ்சாட்டப்பட்டோரில் நம்மவர் வழிவந்தோரும் இருந்தனர். கரும்புத் தோட்டத்திற் பட்ட அடியை மட்டும் எண்ணி, இந்த இரத்தத்தைக் காணாதவர்போற் கடந்து செல்வோமானால், நாம் செய்வது பயணமன்று, பெருமை பேசல். இனக் கலவரம் என்றால் என்னவென்று நமக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. அதனாலேயே அங்கே நின்று மௌனமாக இருக்கும் கடமை நமக்குக் கூடுதலாக உண்டு.

அதே இனாண்டாவில், ஆச்சிரமத்துக்கு அண்மையிலேதான் ஜோன் டூபே நிறுவிய ஓலாங்கே பாடசாலை உள்ளது. பின்னர் ஆபிரிக்கத் தேசிய காங்கிரஸ் எனப் பெயர்பெற்ற இயக்கத்தின் முதற்றலைவர் அவர். 1994 ஏப்ரில் 27ஆந் திகதி நெல்சன் மண்டேலா தம் வாழ்நாளின் முதல் வாக்கை அளிக்கத் தேர்ந்த இடம் இப்பாடசாலையே. டூபேயின் கல்லறைக்கும் அன்று அவர் சென்றார். இன்னும் வடக்கே போனால் குரூட்வில் என்ற ஊர். நோபல் சமாதானப் பரிசு பெற்ற அல்பேட் லுதூலியின் இல்லம் அங்கே நூதனசாலையாகப் பேணப்படுகிறது. சற்று அப்பால், 1828இற் கொலையுண்ட சூலு மன்னன் ஷாகாவின் நினைவிடம். டேர்பனிலிருந்து இவ்வளவும் ஏறத்தாழ எழுபத்தைந்து கிலோமீற்றருக்குள் அடங்கிவிடும். இரண்டு இனத்தாரின் நெடிய போராட்டமும் துயரமும் ஒரே பழைய வீதியிற் கோவைப்பட்டுக் கிடக்கின்றன.

இறுதியில் நண்பர் பாதி இணங்கினார். நானும் பாதி இணங்கினேன். மூன்று நாள் பழைய வீதி. இரண்டு நாள் கடலும் சென் லூசியாவும். முதல் நாள் டேர்பனில், ஒப்பந்தத் தொழிலாளர் வரலாற்றைக் காட்டும் 1860 மரபுரிமை நிலையத்தில் தொடங்குகிறோம். மதிய உணவு 'பன்னி சௌ' என்று முடிவாகியிருக்கிறது. பாணின் நடுவைக் குடைந்து கறியை நிரப்பித் தரும் டேர்பன் இந்தியரின் உணவு அது. எயிற்பட்டினத்து மீனுக்கும் ஆமூர்ச் சோற்றுக்கும் நிகராக அதையும் ஆற்றுப்படையிற் சேர்த்துக்கொள்ளலாம். தைப்பூசக் காவடி காண மட்டும் வழியில்லை. அதற்குள் இங்கே பாடசாலை தொடங்கிவிடும்.

நேயர்களே, இத்தகைய வீதி தேடிக் கடல் கடக்க வேண்டுமென்பதில்லை. மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வரை காட்டினூடாக நடந்து, வழியிலே மாண்டுபோன மலையகத் தோட்டத் தொழிலாளரின் பாதையில் இன்று நாம் பேருந்தில் உறங்கிக்கொண்டே போகிறோம். எந்த வீதியிற் புறப்படுமுன்னும் இரண்டே கேள்விகளைக் கேட்போம். இவ்வழியில் நமக்குச் சோறிட்டவர் யார்? இவ்வழியில் விழுந்தவர் யார்? இவ்விரண்டுக்கும் விடை தேடிக்கொண்டு போகிறவன் வெறுங்கையோடு திரும்பமாட்டான். பெற்ற பரிசிலை எதிர்வருபவனுக்கு எடுத்துச் சொல்லும் தகுதியும் அவனுக்கு வந்துவிடும்.