வயலை ஈடு வைக்குமுன்

(மட்டக்களப்பில் விவசாயிகளும் பட்டதாரிகளும் கூடியிருந்த கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரையின் சுருக்கம்)



1970-71 கல்வியாண்டில் வைத்தியத்துறை புகச் சிங்கள மொழிமூல மாணவனுக்கு 229 புள்ளிகள் போதுமாயிருந்தன. தமிழ் மொழிமூல மாணவனுக்கோ 250 வேண்டியிருந்தன. கதவடைபட்ட பலர் அன்று கடல் கடந்தனர். பின்னர், 1981இல் வந்தாறுமூலையில் தோன்றிய பல்கலைக்கழகக் கல்லூரி 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. இன்று வாவியின் இரு கரைகளிலும் பட்டதாரிகள் உளர். அவர்களிற் பலரின் நாட்டம் வெளிநாட்டுப் பட்டமேற்படிப்பு.

அந்த நாட்டத்தை நான் குறைகூறேன். ஆனால், அதை முதலாக வைத்து வாணிபம் செய்யும் முகவர்கள் பெருகிவிட்டனர். அவர்கள் கேட்கும் பணத்துக்காகப் படுவான்கரையில் வயல்கள் ஈடு வைக்கப்படுகின்றன. உறுதியில் ஒப்பமிட்ட பின்னரே பலர் சட்டத்தரணியைத் தேடி வருகின்றனர்.

பிறநாட்டு வாசல்கள் நம் விருப்பப்படி திறந்திருப்பவை அல்ல. 2024 ஜனவரியில் கனடா மாணவர் அனுமதிக்கு உச்சவரம்பு விதித்தது. மாணவன் காட்டவேண்டிய வாழ்க்கைச் செலவுப் பணத்தையும் 10,000 டொலரிலிருந்து 20,635 டொலராக உயர்த்தியது. பின்னர் அத்தொகை மேலும் ஏறியது. பிரித்தானியாவும் அதே மாதத்தில், மாணவர் மனைவி மக்களை உடன் அழைத்து வருவதைப் பெரும்பாலும் தடுத்துவிட்டது.

ஆயினும், வாசல் எல்லோருக்கும் ஒரே அளவில் ஒடுங்கவில்லை என்பதைக் கவனியுங்கள். பிரித்தானியா ஆராய்ச்சிப் பட்டம் பயில்வோருக்கு விலக்களித்தது. கனடாவோ, அரச பல்கலைக்கழகங்களில் முதுமாணி, கலாநிதிப் பட்டங்கள் பயில்வோரை 2026 ஜனவரி முதல் அந்த உச்சவரம்பிலிருந்து நீக்கிற்று. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல, கலாநிதிப் பட்ட மாணவனிடம் கட்டணம் வாங்காததோடு, கற்பித்தலிலும் ஆராய்ச்சியிலும் உதவுவதற்கு வேதனமும் கொடுக்கின்றன. அவ்விடங்களைப் பெற்றுத் தருவன எவை? நல்ல பெறுபேறு, தெளிவான ஆய்வுத் திட்டம், பேராசிரியரின் பரிந்துரை, ஆங்கிலத் தேர்ச்சி. இவற்றை விற்க எந்த முகவராலும் இயலாது.

ஆகவே, பெற்றோர்களே! பல்கலைக்கழகத்துக்கு நேரடியாகவே விண்ணப்பிக்கச் செய்யுங்கள். எழுத்து ஒப்பந்தமும் பற்றுச்சீட்டுமின்றி ஒரு சதமேனும் கொடாதீர்கள். காரியம் கைகூடாவிடில் பணம் எந்நாளில் மீளும் என்பது ஒப்பந்தத்திலேயே இருத்தல் வேண்டும். அனுமதிக் கடிதம் மெய்யானதென்று அப்பல்கலைக்கழகத்திடமே கேட்டறியுமுன் ஈட்டுறுதியில் ஒப்பமிடாதீர்கள்.

இங்குள்ள ஆசிரியர்களுக்கும் வைத்தியர்களுக்கும் சட்டத்தரணிகளுக்கும் ஒரு வேண்டுகோள்: மாதத்தில் ஒருநாள் கிராமத்துக்குச் செல்வோம்; விண்ணப்பங்களையும் ஒப்பந்தங்களையும் இலவசமாகப் படித்து விளக்குவோம். நாம் வாளாவிருந்தால் அந்த இடத்தை முகவரே நிரப்புவார். நம் பிள்ளைகள் உலகெங்கும் சென்று கற்கட்டும். அதற்காக ஓர் ஏக்கர் வயலேனும் ஏமாற்றுக்காரர் கைக்குப் போகலாகாது.