பம்ப்பை ஏன் மறைத்தேன்?

(கல்வராயன் மலை மாணவர்களுக்கு நிதி திரட்டும் ஓட்டத்துக்காகக் கள்ளக்குறிச்சியில் கூடிய இளைஞர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் வேகமாக ஓடுகிறவன் இல்லை. 10 கிலோமீட்டரை முடிக்க எனக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். எனக்கு ஆஸ்துமா. எங்கள் தெருவில் முன்பு இளைப்பு என்பார்கள், இப்போது வீசிங் என்கிறார்கள்.

போன மார்கழியில் விடியற்காலை 5 மணிக்குப் பயிற்சி தொடங்கினோம். அதிகாலைக் காற்று சுத்தமானது என்று கேட்டே வளர்ந்திருக்கிறோம். நம் ஊரில் மார்கழி, தையில் அதை நம்பாதீர்கள். பனிக்காலத்தில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து அசையாமல் கிடக்கும், பானைக்கு மூடி போட்டதுபோல. அரிசி ஆலையின் உமிப் புகை, வயலில் கொளுத்தும் கரும்புச் சோகையின் புகை, குப்பைப் புகை எல்லாம் அந்த மூடிக்குக் கீழேயே நிற்கும். வெயில் ஏறித் தரை சூடானால்தான் கலையும்.

நான்காம் நாள், மூன்றாவது கிலோமீட்டரில் நெஞ்சு இறுகியது. பம்ப் பையில்தான் இருந்தது. எடுக்கவில்லை. ஷூ கயிறு கட்டுவதுபோலக் குனிந்து உட்கார்ந்துவிட்டேன். "சாப்பாடு பத்தலையா தம்பி?" என்று சிரித்தபடி ஒருவர் கடந்து போனார். கெட்ட எண்ணத்தில் கேட்டவர் இல்லை. ஆனால் அந்தக் குழுவில் காலனியிலிருந்து வந்தவன் நான் ஒருவன்தான். நான் உட்கார்ந்தால் என் நுரையீரலைச் சொல்ல மாட்டார்கள், காலனிக்காரன் தாங்க மாட்டான் என்பார்கள் என்று பயந்தேன். கல்லூரியில் எந்த ஊர் என்று கேட்டால் பக்கத்து பஸ் நிறுத்தத்தின் பெயரைச் சொல்வோமே, அதே பழக்கம்தான். மறைத்த பத்து நிமிடத்தில் பேச்சே வரவில்லை. நண்பன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். நெபுலைசர் வைத்த பிறகுதான் மூச்சு வந்தது.

மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "தினமும் எடுக்கிற பம்ப்பை எடுக்கிறாயா?" நிறுத்தியிருந்தேன். பழகிவிடும் என்று வீட்டில் பயம். பம்ப் இரண்டு வகை. ஒன்று மூச்சுக்குழாயின் வீக்கத்தைக் குறைப்பது, நன்றாக இருக்கிற நாளிலும் எடுக்க வேண்டும். மற்றது இறுகிய குழாயை உடனே விரிப்பது. ஓடுவதற்குக் கால் மணி நேரம் முன்பு அதை எடுக்கச் சொன்னார். இரண்டும் போதைப்பழக்கம் ஆகாது. முதல் பதினைந்து நிமிடம் நடை, மெதுவோட்டம். ஓடும்போது ஒரு முழு வாக்கியம் பேச முடியவில்லை என்றால் நிற்க வேண்டும், யார் பார்த்தாலும். 2003இல் லண்டன் மாரத்தானை 2 மணி 15 நிமிடம் 25 நொடியில் ஓடி உலக சாதனை படைத்த பவுலா ராட்கிளிஃபுக்கும் ஆஸ்துமாதான். இதை எங்கள் அம்மாவிடம் சொன்னேன். "அந்தம்மா வீட்டுப் பக்கத்துல குப்ப எரிக்கிறாங்களா?" என்று கேட்டார்.

பதில் இல்லை என்னிடம். எங்கள் காலனி ஓரத்தில்தான் ஊர்க் குப்பை கொட்டப்படுகிறது, எரிகிறது. தீண்டப்படாதவர்களின் குடியிருப்பு ஊருக்குத் தென்புறம்தான் இருக்க வேண்டும் என்று ஒரு விதி இருந்ததை அண்ணல் அம்பேத்கர் எழுதியிருக்கிறார். குடியிருப்பை எங்கே ஒதுக்குவது என்று முடிவு செய்தவர்கள், குப்பையை எங்கே கொட்டுவது என்றும் முடிவு செய்துவிட்டார்கள். காற்றைப் பங்கு போட முடியாது என்பதெல்லாம் புத்தகத்தில் சரி. பிஎம் 2.5 நுண்துகள் ஒரு நாள் சராசரியாக 60 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்கிறது நம் நாட்டுத் தரம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது 15. குப்பை எரிகிற தெருவுக்கு இரண்டுமே தூரம்.

பிறகு கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்குப் போய்ப் பயிற்சி செய்தோம். மேலே மூச்சு அப்படி இறங்கியது! மலைக்காற்று மருந்து என்று நானே போட்டோ போட்டேன். திரும்பும்போது ஒரு வீட்டில் தேநீர் தந்தார்கள். புகைபோக்கி இல்லாத விறகடுப்பு. ஐந்து நிமிடத்தில் எனக்குப் பம்ப் தேவைப்பட்டது. அந்த வீட்டுப் பாட்டி இருமிக்கொண்டே ஊதுகுழலை ஊதினார். பக்கத்தில் படித்துக்கொண்டிருந்த சிறுமியும் இருமினாள். 1976 வரை ஜாகிர்தார்களின் பிடியில் கிடந்த மலை அது. உஜ்வலா 2016இல் வந்தது. மூலையில் கேஸ் அடுப்பும் இருந்தது. சிலிண்டர் தீர்ந்தால் அடுத்ததற்குக் காசு வேண்டுமே, மலைக்கு மேலே கொண்டுவரவும் வேண்டுமே.

அந்தச் சிறுமிக்காகத்தானே நாம் ஓடுகிறோம்? அதனால் என் கோரிக்கை இரண்டு. டி-சர்ட் அச்சடிக்க ஒதுக்கிய பணத்தில், அந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நுரையீரல் பரிசோதனை முகாம் நடத்துவோம். கூடவே, குப்பை எரிப்பதை நிறுத்தச் சொல்லி ஆட்சியருக்கு ஒரு மனு. ஓடுகிற ஒவ்வொருவரும் அதில் கையெழுத்துப் போட வேண்டும். தர்மத்துக்கு ஓட வந்த இடத்தில் அரசியல் எதற்கு என்று நேற்றே ஒரு தோழர் கேட்டார். அவருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பயிற்சி காலை 5 மணிக்கு இல்லை, 7 மணிக்கு. கோமுகி அணைச் சாலையில் கூடுவோம். வீசிங் இருக்கிறவர்கள் பம்ப்பைக் கையிலேயே வைத்திருங்கள். நானும் அப்படித்தான் வருவேன்.

ஜெய்பீம்.