கொள்ளளவும் கூட்டற்கணக்கும்

பல கணினிகள் ஒன்றுசேர்ந்து ஒரே களஞ்சியமாய் நின்று தரவுகளைக் காக்கும் முறை இந்நாளிற் பரவலாக வழங்குகின்றது. அத்தகைய மென்பொருள்களுள் ஒன்று செஃப். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாந்தா குரூஸ் வளாகத்திலே சேஜ் வெயில் என்பவர் கலாநிதிப் பட்ட ஆய்வாக உருவாக்கிய இதனைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை 2006 ஆம் ஆண்டில் வெளிவந்தது. இக்களஞ்சியம் நிரம்பிவரும்போது அதனை விரிப்பது எவ்வாறு என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

புதிதாக வாங்கும் வன்தட்டுகள் பழையனவற்றிலும் பன்மடங்கு பெரியனவாயிருத்தல் வழக்கம். பெரிதாய் வாங்கினால் நன்மைதானே என்று எண்ணுவோம். அங்கேதான் கணக்குப் பிழைக்கின்றது.

செஃப் வழக்கமாக ஒவ்வொரு தரவுக்கும் மூன்று படிகள் எடுத்து, அவற்றை வெவ்வேறு கணினிகளில் வைக்கும். ஏட்டுச் சுவடியொன்றின் படிகள் யாவும் ஒரே வீட்டிலிருந்தால், அவ்வீடு தீப்பற்றும்போது யாவும் அழியுமல்லவா?

இனி, 10 டெராபைட் வீதம் கொண்ட மூன்று கணினிகளோடு, 40 டெராபைட் கொண்ட நான்காவதைச் சேர்ப்பதாகக் கொள்வோம். மொத்தம் 70, மூன்றால் வகுத்தால் 23க்குச் சற்று மேல். ஆனால், பெரிய கணினி எத்தரவிலும் ஒரு படியையே ஏற்கலாம். மற்றை இரு படிகளும் சிறியவற்றில் அடங்கவேண்டும். அங்குள்ள இடம் 30. இரண்டால் வகுக்க 15. ஆகவே, 15 டெராபைட்டுக்கு மேல் வைத்தல் இயலாது. பெரிய கணினியில் 25 டெராபைட் வீணே கிடக்கும். நான்கு கணினிகளும் 17.5 வீதம் ஒப்பப் பெறுமாறு தட்டுகளைப் பகிர்ந்தால் அவ்வீண் நேராது.

அடுத்தது, சுமை. கிரஷ் எனப்படும் பகிர்வு முறை கொள்ளளவுக்கேற்பவே தரவுகளைப் பங்கிடுகின்றது. 20 டெராபைட் தட்டு, 4 டெராபைட் தட்டினும் ஐந்து மடங்கு தரவைப் பெறும். அதனிடம் வரும் வேண்டுகோள்களும் ஏறத்தாழ அவ்வாறே பெருகும். சுழலும் தட்டின் வேகமோ ஐந்து மடங்காவதில்லை. ஆதலால், அத்தட்டின் வாயிலில் யாவரும் காத்துநிற்க நேரும். வேகமிக்க திண்மநிலைத் தட்டுகளைத் தனி வகுப்பாக்கி வேறு பணிக்கு அமர்த்தும் வசதி 2017 முதல் உண்டு.

மூன்றாவது, காலம். ஒரு தட்டு 85 வீதம் நிரம்பினால் எச்சரிக்கை எழும். 95 வீதத்தை எட்டினாலோ, மற்றைத் தட்டுகளில் இடமிருந்தாலும், அதனைச் சார்ந்த சேமிப்பில் எழுதுதல் நிறுத்தப்படும். மருத்துவமனையொன்றின் பதிவேடு அவ்வாறு நின்றால் விளைவு யாதென்று எண்ணிப் பாருங்கள். கணினியொன்று பழுதுற்றால் அதன் படிகளை மற்றையவற்றிலேயே மீள ஆக்கவேண்டும். அதற்கும் இடம் வேண்டும்.

ஆகவே, வாங்குவோர் விலைப்பட்டியலைப் புரட்டுமுன் ஒன்றை ஆராய்தல் நலம்: நம்மிடமுள்ளவற்றுள் மிகப் பெரிய கணினி நாளை நின்றுவிட்டால், அதன் பங்கை ஏனையவை ஏற்குமா? ஏற்குமெனின் துணிந்து வாங்கலாம். ஏலாதெனின், பெரியது ஒன்றினும் நடுத்தரமானவை இரண்டு மேல்.