முதலுதவிப் பெட்டியின் சாவி யார்கிட்ட இருக்கு?

இன்னிக்கு நாம பேசப்போறது, வேலை பார்க்கிற இடத்துல சுவத்துல தொங்குற முதலுதவிப் பெட்டியைப் பத்தி.

காலேஜ் முடிச்சதும் நான் ஒரு பேக்கிங் யூனிட்ல நைட் ஷிஃப்ட் பார்த்தேன். ஒருநாள் ராத்திரி ரெண்டு மணி இருக்கும். அட்டை அறுக்கிற கத்தி வழுக்கி, பக்கத்துல நின்ன அண்ணனுக்கு உள்ளங்கையில ஆழமான வெட்டு. ரத்தம் நிக்கவே இல்ல. பெட்டிக்கிட்ட ஓடினேன், பூட்டியிருந்தது. சாவி பகல் ஷிஃப்ட் சூப்பர்வைசர்கிட்ட. அவர் வீட்டுல தூங்கிட்டு இருந்தார். பூட்டை உடைச்சுப் பார்த்தா, உள்ள ஸ்டேப்ளர் பின், டீத்தூள் பாக்கெட், காலாவதியான ஒரு களிம்பு. கடைசியில யாரோ காபித்தூளை அள்ளி வெச்சு அமுக்கினாங்க. ஆஸ்பத்திரியில அதைக் கழுவி எடுக்கும்போது அந்த அண்ணன் துடிச்சது இன்னும் கண்ணுலயே நிக்குது.

அப்புறம்தான் சட்டத்தைத் தேடிப் படிச்சேன். 1948-ஆம் வருஷத் தொழிற்சாலைகள் சட்டம், 45-ஆவது பிரிவு. ஒரே நேரத்துல வேலை பார்க்கிற 150 பேருக்கு ஒரு பெட்டியாவது இருக்கணும். விதியில சொன்ன பொருளைத் தவிர வேற எதையும் அதுக்குள்ள வைக்கக் கூடாது. 500 பேருக்கு மேல இருந்தா ஆம்புலன்ஸ் அறையும் வேணும்.

இதெல்லாம் பொருள் கணக்கு. அதே பிரிவுல ஆள் கணக்கும் இருக்கு. ஒவ்வொரு பெட்டிக்கும் தனியா ஒரு பொறுப்பாளர். மாநில அரசு அங்கீகரிச்ச முதலுதவிச் சான்றிதழ் அவர்கிட்ட இருக்கணும். வேலை நேரம் முழுக்க, கூப்பிட்டா உடனே வர்ற மாதிரி இருக்கணும்.

நைட் ஷிஃப்டும் வேலை நேரம்தானே? அந்தப் பொறுப்பாளர் லீவு போட்டா, அன்னிக்கு யார் பார்ப்பாங்க? அதனால ஷிஃப்டுக்கு ஒருத்தருக்கு மட்டும் பயிற்சி கொடுத்தா போதாது, மாத்து ஆளும் வேணும். இந்த ஏற்பாட்டைச் செய்ய வேண்டியது முதலாளி.

“நான் ஃபேக்டரியில இல்லையே”ன்னு நீங்க கேட்கலாம். பழைய சட்டத்தோட இடத்துக்கு இப்போ 2020-ஆம் வருஷத் தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்திருக்கு. பத்துப் பேரோ அதுக்கு மேலயோ வேலை பார்க்கிற வியாபார இடங்களும் அதுல அடங்கும். முதலுதவிப் பெட்டி எல்லா வேலை நேரத்துலயும் கைக்கு எட்டணும்னு அதுவும் சொல்லுது.

நாளைக்கு வேலைக்குப் போனதும் மூணு விஷயம் பாருங்க. பெட்டி எங்க இருக்கு? பூட்டாம இருக்கா? உங்க ஷிஃப்ட்ல பயிற்சி எடுத்தவர் யார்? பதில் இல்லேன்னா மேனேஜருக்கு ஒரு மெயில் போடுங்க. வாயால சொன்னது மறந்துபோகும்.

அதுவரைக்கும் ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க. வெட்டுக்காயத்துல காபித்தூள், மஞ்சள்தூள் எதுவும் வேண்டாம். சுத்தமான துணியை வெச்சு, கையை எடுக்காம அழுத்திப் பிடிங்க. இன்னொருத்தரை 108-க்கு ஃபோன் பண்ணச் சொல்லுங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.