மஞ்சளும் ஈய விஷமும்

(வானொலிப் பேச்சு)



மஞ்சள் வெட்டு முடிந்து, வேகவைத்து, களத்திலே காயப்போட்டிருக்கிறவர்கள் பலபேர் இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். இன்றைக்கு நான் உரத்தைப் பற்றியோ இலைப்புள்ளி நோயைப் பற்றியோ பேச வரவில்லை. "மஞ்சள் சாப்பிட்டால் உடம்பிலே சேர்ந்த ஈயம், பாதரசம் எல்லாம் முறிந்துவிடுமாமே, நிஜமா?" என்று போன வாரம் ஒரு பெரியவர் கேட்டார். அதற்குப் பதில் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

ஈயம், பாதரசம், காட்மியம், ஆர்சனிக் இவற்றையெல்லாம் கன உலோகங்கள் என்று ஒரே கூட்டமாகச் சொல்வார்கள். பழைய பேட்டரியை உடைக்கிற இடத்து மண், உதிர்கிற பழைய பெயிண்ட் என்று பல வழியாக ஈயம் உடம்புக்குள்ளே வரும். வந்தால் என்ன செய்யும் தெரியுமா? சுண்ணாம்புச் சத்தைப் போல வேஷம் போட்டுக்கொண்டு எலும்பிலும் மூளையிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். நம் உடம்பு கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி செல்களால் ஆனது. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் குளுட்டத்தயோன் என்று ஒரு காவல்காரன் உண்டு. அதில் கந்தகம் இருக்கிறது. ஈயம் கந்தகத்தைக் கண்டால் விடாது, போய் ஒட்டிக்கொள்ளும். காவல்காரன் மாட்டிக்கொண்டால் அப்புறம் செல்லுக்குப் பாதுகாப்பு ஏது? மழையிலே போட்ட கொழுமுனை துருப்பிடிக்கிற மாதிரி செல் அரிக்கப்பட்டுப் போகும்.

மஞ்சளிலே இருக்கிற குர்குமின் இந்த இடத்தில்தான் வேலை செய்கிறது. மஞ்சளுக்கு நிறம் கொடுப்பதும் அதுதான். உலோகத்தை ஓரளவு பிடித்து வைக்கும், துருப்பிடிப்பதையும் தடுக்கும். சோதனைச் சாலையில் வளர்த்த செல்களிலும், ஈயம் கொடுத்த எலிகளிலும் இதைப் பார்த்திருக்கிறார்கள். பூண்டுக்கும் இப்படி ஒரு குணம் உண்டு. அதில் இருக்கிற கந்தகச் சத்து ஈயத்தைப் பிடிக்கிறது. ஈரானில் பேட்டரித் தொழிலாளர்களுக்குப் பூண்டு மாத்திரை கொடுத்துப் பார்த்ததில் ரத்தத்தில் ஈயம் குறைந்ததாக 2012-ல் எழுதியிருக்கிறார்கள்.

அப்படியானால் மஞ்சள் மருந்தா? அவசரப்படாதீங்க, கணக்கைப் பார்ப்போம். சில சோதனைகளில் எலிக்குக் கிலோ எடைக்கு 100 மில்லிகிராம் குர்குமின் கொடுத்தார்கள். அதே கணக்கில் 60 கிலோ எடையுள்ள ஆளுக்கு 6 கிராம் குர்குமின் வேண்டும். நல்ல மஞ்சளில் நூற்றுக்கு நாலு பங்குதான் குர்குமின். ஆக, தினம் 150 கிராம் மஞ்சள் தூள் தின்ன வேண்டும்! யாரால் முடியும்? தின்றாலும் குடல் அதில் கொஞ்சத்தைத்தான் எடுத்துக்கொள்ளும். மிளகு சேர்த்தால் கூடுதலாக ஏறும் என்று 1998-ல் பெங்களூரில் நிரூபித்தார்கள். ரசத்திலே மஞ்சளும் மிளகும் சேர்க்கிற நம் வீட்டுப் பெண்களுக்கு இது புதுசு இல்லை. ஆனால் ரசம் சாப்பாடு. ஈய விஷத்துக்கு வைத்தியம் அல்ல. சந்தேகம் இருந்தால் ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சோதித்துப் பார்ப்பதுதான் வழி.

இனிமேல் சொல்வதுதான் நான் வந்த காரியம். ஈயத்தைத் தடுக்கிற இதே மஞ்சள் மேல் ஈயத்தையே பூசி விற்கிறார்கள். லெட் குரோமேட் என்று ஒரு மஞ்சள் சாயம். பெயிண்டுக்குப் போடுகிறது. பாலிஷ் டிரம்மில் கொஞ்சம் தூவினால் மங்கிய மஞ்சள் பளபளவென்று ஆகிவிடும். எங்கள் சொந்தக்காரர் ஒருவர் மழையில் நனைந்த மஞ்சளைப் பாலிஷுக்குக் கொண்டுபோனபோது, "கலர் போடட்டுமா? குவிண்டாலுக்கு நல்ல விலை கிடைக்கும்" என்று கேட்டார்களாம். அவர் அரை மனதாக நின்று, பிறகு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார். விலையும் குறைச்சலாகத்தான் கிடைத்தது. அதை நான் மறைக்கவில்லை.

அந்தச் சாயத்தில் நூற்றுக்கு 64 பங்கு ஈயம். குவிண்டாலுக்கு வெறும் 10 கிராம் போட்டாலும், ஒவ்வொரு கிலோ மஞ்சளிலும் 64 மில்லிகிராம் ஈயம் ஏறிவிடும். எவ்வளவு குர்குமின் இருந்தும் பிரயோசனம் இல்லை. குழந்தைகளின் குடல் பெரியவர்களைவிட நாலைந்து மடங்கு ஈயத்தை உறிஞ்சும். அவர்கள் மூளை வளர்ச்சியைத்தான் அது முதலில் கெடுக்கும்.

பங்களாதேஷில் நடந்ததைக் கேளுங்கள். 1980-களில் பெருவெள்ளம் வந்து மஞ்சள் சரியாகக் காயாமல் நிறம் மங்கியது. அப்போது சாயம் போடத் தொடங்கியவர்கள், வெள்ளம் வடிந்த பிறகும் நிறுத்தவில்லை. கர்ப்பிணிகள் ரத்தத்தில் இருந்த ஈயம் மஞ்சளிலிருந்துதான் வந்தது என்று 2019-ல் கண்டுபிடித்தார்கள். அரசாங்கம் சந்தைகளில் எச்சரிக்கை ஒட்டி, சோதனை போட்டு, அபராதம் விதித்தது. 2019-ல் சந்தை மஞ்சளில் 47 சதவீதம் கலப்படம். 2021-ல் ஒன்றுகூட இல்லை. இரண்டே வருஷம்!

நாம் என்ன செய்யலாம்? வெட்டிய மஞ்சளை இரண்டு மூன்று நாளுக்குள் வேகவையுங்கள். நுரை தள்ளி, வெண்புகையோடு மணம் வரும்போது இறக்கிவிட வேண்டும். மண் தரையில் கொட்டாமல் சிமெண்டுக் களத்திலோ தார்ப்பாயிலோ மெல்லிசாகப் பரப்புங்கள். ராத்திரி மூடி வையுங்கள். நிறம் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். கடைசிப் பாலிஷுக்கு நிறம் வேண்டுமென்றால் மஞ்சள் தூளையே தண்ணீரில் கரைத்துத் தெளிக்கலாம்; குவிண்டாலுக்கு 2 கிலோ தூள் போதும். பாலிஷ் போடும்போது நீங்களோ வீட்டுப் பிள்ளையோ டிரம் பக்கத்திலேயே நில்லுங்கள். முடிந்ததும் ஒரு விரலி மஞ்சளைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். போட்ட உடனே தண்ணீர் பளிச்சென்று மஞ்சளாகக் கரைந்தால் சந்தேகப்படுங்கள். தூள் கரைசல் தெளித்த சரக்கும் கொஞ்சம் நிறம் விடும் என்பதால், தெளிப்பதற்கு முன்பே ஒரு தடவை போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. அப்படியும் சந்தேகம் தீராவிட்டால் உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் மாதிரி கொடுத்துச் சோதிக்கச் சொல்லலாம்.