ஸ்பெசிஃபிகேஷன் என்றால் என்ன?



கட்டட வேலை நடக்கும் இடத்தில் 'ஸ்பெசிஃபிகேஷன்' என்று பேசிக்கொள்வார்கள். சொல் பெரிது, பொருள் எளிது. ஒரு பொருளோ வேலையோ எப்படி இருக்க வேண்டும் என்று அளவோடு எழுதி வைப்பதே அது. தமிழில் 'விவரக்குறிப்பு' என்கிறோம்.

'நல்ல செங்கல்' என்று எழுதினால் போதாது. நல்லது என்பது ஆளுக்கு ஆள் மாறும். 'நீளம் 19 செ.மீ., அகலம் 9 செ.மீ., உயரம் 9 செ.மீ.' என்று எழுத வேண்டும். இது இந்தியத் தர நிர்ணய அமைவனம் சொல்லும் அளவுகளில் ஒன்று. கான்கிரீட்டுக்கு 'சிமெண்டு 1 பங்கு, மணல் 2 பங்கு, ஜல்லி 4 பங்கு' என்பதும் அப்படித்தான்.

எழுதியதைவிடச் சிமெண்டைக் குறைத்தால் பள்ளிக்கூடம் பலமிழக்கும். அதற்குள் உட்காருபவர்கள் யார்? நம் பிள்ளைகள்!

அரசு வேலையின் விவரக்குறிப்பை நாம் கேட்டு வாங்கலாம். 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அந்த உரிமையைத் தந்துள்ளது. வேலையைப் பார்வையிடலாம். பொருளின் மாதிரியையும் சான்றுடன் பெறலாம்.

நாம் கற்ற எழுத்து இதற்கும் உதவட்டும். தாளைப் படியுங்கள், அளந்து பாருங்கள், குறைந்தால் கேளுங்கள்.